எண்ணெய் டின்னில் குடியேறியவர்கள்

செத்துப்போன பெண்கள் குருவிகளாகத் திரும்பி வந்து எண்ணெய் டின்னிலும் அரிசி டப்பாவிலும் குடியேறிய ஊர் என்று முள்ளிச்செவலைப் பற்றிப் பக்கத்து ஊர்களில் இப்போதும் சொல்கிறார்கள். முள்ளிச்செவல்காரர்கள் அப்படிச் சொல்வதில்லை. குரல் மட்டும்தான் எங்கள் பெண்களுடையது, மற்றபடி குருவி குருவிதான், தவிடும் நொய்யும் தின்றது, எச்சம் போட்டது, பூனையைக் கண்டால் பறந்தது என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

அந்த ஊருக்கு இருப்பது ஒரே ஒரு நீளத் தெரு. கிழக்கே பஸ் நிற்கும் வேப்பமரத்தில் தொடங்கி மேற்கே கண்மாய்க் கரையில் முடியும். தெருவிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு தினமும் விடிகாலையில் ஒரு வேன் பட்டாசுத் தொழிற்சாலைக்கு, ஊர்ப் பேச்சில் ஆபீசுக்கு, போகும், பொழுது சாயத் திரும்பி வரும். ஒரு சித்திரை மாதம், வெயில் தகரத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்த மத்தியானத்தில், ஆபீசில் ஒரு அறை வெடித்தது. நாலு பேர் உட்கார வேண்டிய அறையில் பதினோரு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தியும் மிஞ்சவில்லை. தெருவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை வீட்டுக்கு வீடு இழவு விழுந்ததால், யார் வீட்டுக்கு யார் போய்க் கட்டிப்பிடித்து அழுவது என்று தெரியாமல், அவரவர் வாசலில் அவரவர் அழுதார்கள்.

அன்றைய சத்தத்தில் பறவைகள் ஊரைவிட்டுப் போயின. காக்கை போயிற்று, மைனா போயிற்று, கூரை இடுக்கில் கத்திக்கொண்டிருந்த குருவிகளும் போயின. பதினாறாம் நாள் விசேஷத்தன்று காக்கைக்கு வைத்த சோறு இலையோடு காய்ந்து, எறும்புகூட அண்டாமல் கிடந்தது. சோறெடுக்கக் காக்கை வரவில்லையே என்பதைத்தான் ஊர் அன்று அதிகமாகப் பேசியது, அறையைப் பற்றிப் பேசவில்லை. அறைக்கு இரண்டு கதவு. ஒன்றை மறித்துப் பட்டாசுக் காகிதக் குழாய் மூட்டைகள் அடுக்கியிருந்தது எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று திறந்துதான் இருந்தது, பொம்பளைகள் மருந்துத் தட்டைத் தரையோடு உரசி இழுத்ததில் தீப்பிடித்துவிட்டது என்று விசாரணையில் போர்மேன் தவசிமுத்து சொல்லியிருந்தார். அவருடைய மனைவி அழகுத்தாயும் அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி. பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனுசனிடம் எந்த வாயால் மேற்கொண்டு கேட்பது என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

ஊரின் அங்கன்வாடியை நடத்தியவள் வெயிலாட்சி. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், குரல் கொஞ்சம் கரகரப்பு, பிள்ளைகளை அதட்டுவாள், அடிக்கமாட்டாள். அவளுடைய தங்கை முருகலட்சுமியும் அந்த அறையில்தான் இருந்தாள். தங்கை மகள் ஓவியாவை இப்போது இவள்தான் வளர்த்தாள். அறை வெடித்த பிறகு தெருப் பிள்ளைகள் விளையாடுவதை நிறுத்திவிட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையோடு அங்கன்வாடி வாசலில் வந்து உட்கார்ந்து, வேன் வருகிற நேரம்வரை பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வேன் வராது என்று அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் பார்த்தார்கள்.

ஒரு சாயங்காலம் ஓவியா கேட்டாள். "பெரியம்மா, குருவியெல்லாம் எங்க போச்சு?"

"பயந்து போயிருச்சு."

"திரும்பி வராதா?"

"வந்தா எங்க இருக்கும்? கூரையெல்லாம் இப்பக் காங்கிரீட்டு ஆகிப்போச்சுல்ல."

அப்படிச் சொல்லிவிட்டாளே தவிர, பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தாங்கவில்லை. மறுநாள் போனில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, பிள்ளைகளைக் கூப்பிட்டு, வீட்டில் யாருக்கும் வேண்டாத டப்பா, டின், பெட்டி எது கிடந்தாலும் நாளைக்குக் கொண்டு வாங்க, குருவிக்கு வீடு கட்டலாம் என்றாள்.

அவள் பழைய பெயிண்ட் வாளியையும் தண்ணீர் கேனையும் நினைத்துத்தான் சொன்னாள். அந்த வீடுகளில் அப்போது யாருக்கும் வேண்டாமல் கிடந்தவை எல்லாம் செத்துப்போனவர்களின் சாமான்கள் என்பதை அவள் யோசிக்கவில்லை. ஒருத்தி அம்மாவின் மதியச் சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுவந்தாள், ஒருவன் அம்மா நகை வைத்திருந்த பிஸ்கட் டின்னை, ஓவியா முருகலட்சுமி தலைக்கு எண்ணெய் வாங்கி வைத்த டின்னை. தவசிமுத்துவின் மகள் கனிஷ்கா பத்து வயதுப் பெண், பேச்சு குறைந்தவள். அவள் அரிசி டப்பாவைத் தலையில் சுமந்துகொண்டு வந்தாள். உள்ளே அடியில் ஒரு பிடி அரிசி மிச்சம் இருந்தது. அம்மா அளந்து எடுத்தது போக மிச்சம் என்று அதைக் கொட்டவிடாமல் தாளில் மடித்து வைத்துக்கொண்டாள்.

சாமான்களைப் பார்த்த வெயிலாட்சி எழுந்து உள்ளே போய், முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

பிளாஸ்டிக்கில் ஓட்டை போடுவதற்காக அவள் கம்பியைக் காய்ச்சி அழுத்தினாள். உருகும் வாடை எழுந்ததும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். யாரும் கத்தவில்லை, அழவில்லை. அவள் கம்பியை வாளித் தண்ணீரில் போட்டுவிட்டாள். அதன் பிறகு அந்த வேலையில் நெருப்பே இல்லை. டின்னை வெட்டுகிற கத்திரியாலும் அரிவாள்மனை நுனியாலும், ஒரு எலுமிச்சம்பழம் நுழைகிற அளவுக்கு வாசல் வெட்டினார்கள். விளிம்பு கிழிக்காமல் இருக்கச் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினார்கள். மழைத்தண்ணீர் தங்காமல் இருக்க அடியில் ஆணியால் துளை போட்டார்கள். உள்ளே தேங்காய் நாரும் கிழிந்த சேலைத் துணியும் போட்டார்கள். வெயில் நேரே அடிக்காத பக்கமாக, பூனைக்கு எட்டாத உயரத்தில், அவரவர் வீட்டு வாசலில், ஓவியா மட்டும் அங்கன்வாடி வாசலில், கம்பியால் கட்டித் தொங்கவிட்டார்கள். ஆண்கள் ஏணி பிடித்தார்கள். அறையில் செத்த செண்பகத்துக்குப் பிள்ளை இல்லை, கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதனால் அவள் வீட்டுக்கு அவளுடைய புருஷனின் அண்ணன் மகள் ஒரு செருப்பு டப்பாவில் கூடு செய்து, அட்டை நனையாமல் பால் கவரைச் சுற்றித் தொங்கவிட்டாள்.

குருவிகள் வந்தன. எங்கிருந்து வந்தன என்று யாரும் பார்க்கவில்லை, விடிந்தபோது கூட்டுக்கு ஒன்றாக இருந்தன. பிள்ளைகள் கைதட்டினார்கள், வெகுநாளைக்குப் பிறகு தெருவில் கைதட்டல் கேட்டது. வெயில் ஏறியதும் குருவிகள் வாய் திறந்தன. கீச்சென்று கத்தவில்லை, பேசின.

ஓவியாவின் எண்ணெய் டின்னிலிருந்து முருகலட்சுமியின் குரல், கொஞ்சம் மூச்சு வாங்குகிற அதே குரல், "வேர்க்குதுடி, ஒரு ஜன்னலாச்சும் வச்சுத் தொலைச்சா என்ன" என்றது. மறுபடியும் அதையே சொன்னது. அன்று முழுக்க அது மட்டும்தான் சொன்னது. செருப்பு டப்பாவிலிருந்து செண்பகத்தின் குரல், "மாமா, கதவத் தொறங்க மாமா" என்றது. பிஸ்கட் டின் வெறுமனே ஒரு தாலாட்டை முணுமுணுத்தது. ஒவ்வொரு குருவிக்கும் ஒரு பேச்சுத்தான். அது அந்த அறையில் அந்தப் பெண் கடைசியாகப் பேசியது என்பதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தெருவின் கிழக்குக் கோடியிலிருந்து மேற்குக் கோடிவரை மெதுவாக நடந்தால், அந்தப் பேச்சு முழுவதும் வரிசைப்படி காதில் விழும். கடைசி வீடு தவசிமுத்துவுடையது. அங்கே அரிசி டப்பாவிலிருந்து அழகுத்தாய் பேசினாள். "பயப்படாதீகடி. அவுக வந்து தொறந்துருவாக. சாவி அவுககிட்டதான் இருக்கு."

முதல் நாட்களில் தெருவில் யாரும் வேலைக்குப் போகவில்லை, அடுப்பு மூட்டவில்லை. கூட்டுக்குக் கீழே பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். மாமியார்கள் மருமகள்களிடம் மன்னிப்புக் கேட்டார்கள். குருவி அதற்குப் பதில் சொல்லாமல் தன் பேச்சையே சொன்னது. சாமியாடி ஒருத்தரை அழைத்து வந்தார்கள். அவர் ஒரு சுற்று தெருவில் நடந்து கேட்டுவிட்டு, இதில் நான் சொல்ல ஒன்றுமில்லை, அவர்களே சொல்கிறார்களே என்று விபூதித் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போனார். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒரு ஏட்டையா வந்தார். குறிப்பெடுக்கப் பேனாவைத் திறந்தவர், சாட்சியின் பெயர், தகப்பன் பெயர், வயது என்று எழுத வேண்டிய இடத்தில் குருவி என்று எழுதினால் மேலே கேட்பார்களே என்று பேனாவை மூடிவிட்டார். போகும்போது செருப்பு டப்பாவின் கீழே கொஞ்ச நேரம் நின்று, தொப்பியைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டு போனார்.

பிறகு ஊர் பழகிக்கொண்டது. எதற்குத்தான் ஊர் பழகாது. "பொகை வருதுடி" என்று நாலாவது வீட்டுக் குருவி விடியலில் சொல்வதைக் கேட்டு எழுந்து பால் கறக்கப் போனார்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்கள். மனைவியை இழந்த ஒருவனுக்கு இரண்டாம் தாரம் பேசப் பெண் வீட்டார் வந்தபோது, கூட்டைத் துண்டால் மூடி வைத்தார்கள். துண்டுக்குள்ளிருந்து குருவி, "அந்தத் தட்டை இழுக்காத, தூக்கி வை, தூக்கி வை" என்று மங்கலாகச் சொல்ல, பெண்ணின் தாய் காப்பியைக் குடிக்காமல் வைத்துவிட்டாள். பங்குனியில் கறுப்புத் தாடி வைத்த ஆண் குருவிகள் தேடி வந்து கூடுகளைச் சுற்றியபோது, செண்பகத்தின் புருஷன் கல்லெடுத்து எறிந்தான். பிடித்து நிறுத்தினார்கள். இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தான். மூன்றாம் நாள் அந்த ஆண் குருவிக்கும் சேர்த்து நொய் வைத்தான்.

எல்லாம் பேசினார்கள், ஒன்றைத் தவிர. கதவு பூட்டியிருந்தது, சாவி யாரிடம் இருந்தது என்பதை ஊர் முழுக்கக் கேட்டது, ஊர் முழுக்கக் கேளாதது போல இருந்தது. வழக்கு பெரிதாகாமல் அடங்கினால் ஆபீசை மறுபடி திறப்போம் என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். மழை இல்லாத கரிசல் காட்டில் வேறு வேலை இல்லை. தவசிமுத்து இருட்டோடு வீட்டைவிட்டுப் போய், குருவிகள் அடைந்த பிறகு கண்மாய்க் கரை வழியாகத் திரும்பி வந்தார், தெருவில் கால் வைப்பதே இல்லை. கனிஷ்கா அவருக்குச் சோறு போட்டு வைத்துவிட்டுப் படுத்துவிடுவாள். அப்பாவிடம் அவள் பேசி வெகுநாளாகியிருந்தது.

ஒருநாள் ஆபீஸ் மேனேஜர் காரில் வந்தார். பின்னால் ஒரு சின்ன லாரி. அதில் பளபளவென்று மஞ்சளும் நீலமும் அடித்த மரக்கூடுகள், பிள்ளை ஒன்றுக்கு ஒன்று, கூரைக்கு ஓடு மாதிரி செதுக்கி, வாசலுக்குச் சட்டம் போட்டு. முதலாளி பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொன்னார் என்றார். இந்தக் குப்பை டப்பாக்களைக் கழற்றிவிட்டு இதை மாட்டுங்கள், தெரு பார்க்க லட்சணமாக இருக்கும் என்றார்.

"குப்பைன்னு சொல்லாதீங்க சார்" என்றாள் வெயிலாட்சி.

"அட, நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். பிள்ளைக காலைல எந்திரிச்சு இதக் கேட்டா மனசு என்னத்துக்காகும்?"

"கேக்குறது பிள்ளைகளுக்குப் பழகிருச்சு. ஒங்களுக்குத்தான் பழகல."

மரக்கூடுகளை வாங்கி மாட்டினார்கள், சும்மா கிடைத்ததை யார் விடுவார்கள். ஆனால் பழையதைக் கழற்றவில்லை. குருவிகள் புதியவற்றில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஓணான்கள் குடிபோயின. மேனேஜர் அன்று போகும் வழியில் கண்மாய்க் கரையில் காரை நிறுத்தி, தவசிமுத்துவிடம் வெகுநேரம் பேசினார்.

அதற்கு மறுநாள் மத்தியானம், பெரியவர்கள் காட்டு வேலையிலும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலும் இருந்த நேரம், தவசிமுத்து ஏணியும் சாக்கும் எடுத்துக்கொண்டு தெருவின் கிழக்குக் கோடிக்கு வந்தார். தன் வீட்டிலிருந்து தொடங்க அவருக்குத் துணிவு வரவில்லை. முதல் வீட்டில் ஏணியைச் சாய்த்து ஏறி, கம்பியை முறுக்கிக் கழற்றக் கையை நீட்டியபோது உள்ளேயிருந்து, "யாருடி அது, வெளிய பூட்டுறது?" என்றது. நீட்டிய கை அப்படியே நின்றது. இறங்கினார். ஏணியைத் தூக்கி அடுத்த வீட்டுக்குப் போனார். "ஆபீசர் வந்திருக்காகளாம், சத்தம் போடாம இருங்க, அவுக போனதும் தொறந்துருவாக" என்றது அது. அடுத்தது தாலாட்டு. அடுத்தது புகை. ஒவ்வொரு வீட்டிலும் ஏறினார், ஒவ்வொரு வீட்டிலும் வெறுங்கையோடு இறங்கினார். செருப்பு டப்பாவில் செண்பகம், மாமா மாமா என்று கூப்பிட்டாள். அவர் அந்த ஏணியிலேயே, டப்பாவுக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு, வெயில் உச்சியில் காய, நின்றார். கூப்பிடுவது தன்னைத்தான் என்று அவருக்குத் தெரியும். உயிரோடு இருந்தபோதும் அவள் அவரை மாமா என்றுதான் கூப்பிட்டாள்.

அங்கன்வாடியில் சின்னப் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு வாசலுக்கு வந்த வெயிலாட்சி அவரைப் பார்த்தாள். கத்தி ஊரைக் கூட்டியிருக்கலாம். கூட்டவில்லை. அவர் தெருவின் கடைசிக்குப் போய், தன் வீட்டு வாசலில் அரிசி டப்பாவின் கீழே, ஏணியின் அடிப்படியில் உட்காரும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நடந்து போனாள். மேலே அழகுத்தாய் சொல்லிக்கொண்டிருந்தாள், பயப்படாதீகடி, அவுக வந்து தொறந்துருவாக.

"என்னண்ணே, ஒண்ணையும் கழட்டலயா?"

அவர் நிமிரவில்லை. "ஒருத்திகூட என்னைய வையல தாயி" என்றார். "நான் கேட்டுக்கிட்டே வந்தேன். பதினோரு பேர்ல ஒருத்தி, நாசமாப் போவான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இந்தச் சாக்குல எல்லாத்தையும் அள்ளிப் போட்டுக் கெணத்துல எறிஞ்சிருப்பேன்."

வெயிலாட்சி ஏணியின் மறுபக்கம் வந்து நின்றாள்.

"அன்னிக்குச் செக்கிங் வந்துட்டாக. உள்ள பதினோரு பேர் இருக்கது தெரிஞ்சா ஆபீசுக்கு சீல் வச்சிருவாக. பழைய குடோன்னு சொல்லிக்கலாம், சும்மா பூட்டி வைன்னு மேனேஜர் சொன்னாரு. பூட்டிட்டேன். அவுக போற வழியா இல்ல. எளநி வெட்டிக் குடுத்து உக்கார வச்சு..." அவர் நிறுத்தினார். "தட்டுன சத்தம் எனக்குக் கேட்டுச்சு தாயி. கேட்கலன்னு இல்ல. ஆபீசர் நிக்கும்போது எப்படிப் போய்த் தொறக்கன்னு நின்னுட்டேன். எம்மா நேரம் நின்னேன்னு கேக்காத."

வெயிலாட்சிக்கு அப்போது அந்த ஆளின் தலையில் ஏணியைத் தூக்கிப் போட வேண்டும் போல இருந்தது. தங்கையின் மூச்சுவாங்கும் குரல் தெருவின் நடுவிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"இத என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றாள்.

"ஒன்னவிட்டா யார்கிட்டச் சொல்ல?"

"பிள்ளைக பள்ளிக்கூடம் விட்டு வரட்டும். கூடு செஞ்சது அவுக. அவுககிட்டச் சொல்லுங்க."

"சின்னஞ்சிறுசுக தாயி."

"அதுக தெனமும் கேக்குதுக. எதுக்குக் கேக்குதுன்னு தெரியாமக் கேக்குதுக. அது பத்தாதா?"

அவர் போய்விடுவார் என்று நினைத்தாள். போகவில்லை. பிள்ளைகள் வந்து பைகளைக் கழற்றி அங்கன்வாடி வாசலில் உட்கார்ந்தபோது, அவர் எதிரே தரையில், மண்ணில், பிள்ளைகளைவிடத் தணிவாக உட்கார்ந்துகொண்டு, வெயிலாட்சியிடம் சொன்னதையெல்லாம் அதே வார்த்தைகளில் சொன்னார். காட்டிலிருந்து திரும்பியவர்கள் மண்வெட்டியோடு அப்படியே நின்று கேட்டார்கள். தெரிந்ததுதான். ஆனாலும் ஒரு மனித வாய் அதைச் சொல்லிக் கேட்பது வேறாக இருந்தது. செண்பகத்தின் புருஷன் மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு வந்தான். பிள்ளைகளைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது, பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை, அவனால் தாண்ட முடியவில்லை.

ஓவியாதான் கேட்டாள், ஆறு வயதுப் பிள்ளை. "ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"எங்கம்மா தட்டுனதுமா?"

"எல்லாரும் தட்டுனாக, கண்ணு."

கனிஷ்கா எழுந்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை. தெருவில் நடந்து, ஏணி சாய்ந்திருந்த தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். தாழ் விழுந்த சத்தம் அங்கன்வாடிவரை கேட்டது. தவசிமுத்து அந்தக் கதவின் முன்னால் போய் நின்றார். தட்டக் கையை ஓங்கினார். ஓங்கிய கையைத் தட்டாமல் இறக்கினார். பிறகு திரும்பி, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, தெருவின் நடுவே நடந்து, எல்லாக் கூடுகளையும் கடந்து, வேப்பமரத்தடியில் வந்து நின்ற டவுன் பஸ்ஸில் ஏறினார். அந்த பஸ் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கும்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லா ஊரிலும் நடப்பதுதான். தவசிமுத்துவைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். மேனேஜர் கொஞ்ச நாள் வெளியூரில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார். முதலாளிக்கு நெஞ்சுவலி வந்தது, போயிற்று. மழை வரவில்லை. வேறொருவர் பெயரில், கண்மாய்க்கு அப்புறம் பத்து மைல் தள்ளி, புது ஆபீஸ் திறந்தது. பழைய வேனுக்குப் புதுப் பெயிண்ட் அடித்து அனுப்பினார்கள். முள்ளிச்செவல் பெண்கள் அதில் ஏறினார்கள். ஏறாமல் என்ன செய்வது. ஆனால் முதல் நாள் அவர்கள் வேலைக்கு உட்காருவதற்கு முன்னால், ஒரு சொல் பேசாமல், அறையின் கதவுகளைக் கீலோடு பெயர்த்தெடுத்து, ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கிக்கொண்டு போய், வெளியே முள்ளுக்காட்டில் போட்டுவிட்டு வந்தார்கள். புது போர்மேன் கத்தினார். அவர்கள் உட்கார்ந்து திரி சுற்றத் தொடங்கினார்கள்.

வெயிலாட்சி கனிஷ்காவைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். அரிசி டப்பாவைக் கழற்றி அங்கன்வாடி வாசலில் எண்ணெய் டின்னுக்குப் பக்கத்தில் கட்டினாள். குருவி அதோடேயே வந்தது. தினமும் காலையில் கனிஷ்கா அதன் கீழே உட்கார்ந்து தலை வாரிக்கொள்வாள்.

கூடுகளில் முட்டைகள் பொரிந்தபோதுதான் பேச்சு குறையத் தொடங்கியது. வாயில் புழுவை வைத்துக்கொண்டு பேச முடியாது. விடிந்ததிலிருந்து அடைகிறவரை குஞ்சுகளுக்கு இரை தேடிப் பறந்துகொண்டிருந்தன. முருகலட்சுமி ஜன்னலை விட்டுவிட்டு வேர்க்குதுடி என்று மட்டும் சொன்னாள், பிறகு அதையும் விட்டாள். தாலாட்டு அறுந்தது. செண்பகம் ஒருநாள் மாமா என்று ஆரம்பித்துக் கீச்சென்று முடித்தாள். குஞ்சுகளுக்கு வார்த்தையே தெரியவில்லை, வாயைப் பிளந்து கத்த மட்டும் தெரிந்தது. தெருவில் மறுபடியும் ஒரு இழவு விழுந்தாற்போல இருந்தது. சிலர் தலை முழுகினார்கள். சிலர் நிம்மதியாகத் தூங்கினோம் என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக அழுதார்கள். ஒரு பையன் கூட்டின் கீழே நின்று, தன் அம்மா சொன்னதைக் குஞ்சுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தான். அது கற்றுக்கொள்ளவில்லை.

கடைசியாக நின்றது அழகுத்தாயின் குரல். அன்று காலை கனிஷ்கா தலை வாரி முடித்து, ரிப்பன் கட்டி, அதற்குப் பிறகும் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூட மணி அடித்துவிட்டது.

"அத்தை, அம்மா இன்னிக்கு ஒண்ணும் சொல்லல."

"நானும் பாத்தேன்."

"நேத்தும் சொல்லல. சரி, தூங்குதுன்னு நெனச்சேன்."

வெயிலாட்சி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். குருவி வந்தது, போயிற்று, வந்தது. பிறகு கனிஷ்கா, "அப்பாவப் பாக்கப் போகணும்" என்றாள்.

"எதுக்கும்மா?"

"அங்க இருந்துக்கிட்டு இன்னும் கேட்டுக்கிட்டே இருப்பாரு. நின்னுபோச்சுன்னு சொல்லணும்."

கேட்டுக்கொண்டே கிடக்கட்டும் என்றுதான் வெயிலாட்சிக்கு இருந்தது. ஆனாலும் அந்த வாரமே லீவு போட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, ஜெயிலில் மனு எழுதிக் கொடுத்து, வரிசையில் நின்றாள். கம்பிவலைக்கு அப்பால் தவசிமுத்து வந்தார், தாடி நரைத்து, சட்டை தொளதொளத்து. மகளைப் பார்த்ததும் வலையைப் பிடித்துக்கொண்டார். வலையின் இரண்டு பக்கமும் எல்லோரும் கத்திப் பேசிக்கொண்டிருந்ததால் கனிஷ்காவும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அம்மா பேச்சு நின்னுபோச்சுப்பா!"

அவருக்குக் கேட்டதா இல்லையா என்று தெரியவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"இப்ப சும்மா கீச்சுகீச்சுன்னுதான் கத்துது. சாதாக் குருவி ஆயிருச்சு."

அவர் நெற்றியை வலையில் முட்டுக்கொடுத்து நின்றார். "முட்டை வச்சிருக்கா?" என்று கேட்டார்.

"பொரிச்சிருச்சு. உள்ள சத்தம் கேக்குது."

"எங்க கட்டியிருக்கு?"

"அங்கன்வாடி வாசல்ல."

"அங்க மதில் பக்கமாப் பூனை வருமே" என்றார் அவர். "மதில்மேல கருவேல முள்ள வெட்டிப் போடச் சொல்லு. தொங்குற கம்பியில கிரீஸ் தடவு. ஓணான் ஏறாது. நம்ம வீட்டுல மோட்டாருக்கு வச்ச டப்பா, படிக்குக் கீழ இருக்கும் பாரு."

"முள்ளு எந்தப் பக்கமாப் போடணும்ப்பா?"

அவர் வலைக்கு அப்பாலிருந்து கையால் வரைந்து காட்டினார். காவலர் வந்து நேரமாச்சு என்று சொல்லும்வரை அவர் பூனையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார், அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.